வீட்டுக்குத் தெரியாத விஷயம்

மிக்கேல்திட்டில், கொள்ளிடத்தின் வடகரையில், சம்மனசு தெரு என்று ஒரு தெரு இருந்தது. தெருமுனையில் சிறகு உடைந்த தேவதூதர் சுரூபம் ஒன்று நின்றதால் அந்தப் பெயரே தவிர, பின்னால் அந்தத் தெரு ஆகாயத்தில் குடியிருக்கப் போகிறது என்று தெரிந்து யாரும் வைக்கவில்லை. மிக்கேல்திட்டுக்காரர்கள் எதையும் முன்கூட்டித் தெரிந்து செய்கிறவர்கள் அல்ல. நடந்து முடிந்த பிறகு, அது நடக்கவே இல்லை என்று சொல்வதில்தான் அவர்களுக்குத் தேர்ச்சி.

அந்த வருஷம் ஐப்பசியில் மேலே எங்கோ மதகுகளைத் திறந்துவிட்டு, திறந்த மறுநாள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் வந்து எச்சரித்தார்கள். தெருக்காரர்கள் கோயில் மண்டபத்தில் போய் நாலு நாள் சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள். அந்த நாலு நாளில் ஆறு முதலில் கொல்லைகளைத் தின்றது, கொல்லைகளில் நின்ற முருங்கைகளையும் துவைக்கிற கற்களையும் தின்றது, அரசாங்கம் கட்டிக்கொடுத்து ஊர்க்காரர்கள் விறகு அடுக்கி வைத்திருந்த பதினோரு கழிப்பறைகளையும் விறகோடு தின்றது, பிறகு முன்பக்கம் சுற்றி வந்து தெருவைத் தின்றது, வாசற்படிகளைத் தின்றது, அதற்கும் பசி அடங்காமல் வீடுகளின் அடியில் புகுந்து மண்ணைத் தின்று, மண்ணுக்குள் இருந்த கல்லைத் தின்று, அஸ்திவாரம் போட்ட அன்றைக்குச் சாமியார் மந்திரித்து ஈசானி மூலையில் புதைத்த மாதா மெடல்களையும் தின்றுவிட்டு, ஐந்தாம் நாள் காலையில் தலையை நிமிர்த்திப் பார்த்தால், பதினோரு வீடுகளும் இருந்த இடத்திலேயே, இருந்த உயரத்திலேயே இருந்தன. அடியில் மட்டும் ஒன்றும் இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்குக் காற்றும், அதற்குக் கீழே செம்மண் நிறத்தில் தண்ணீரும் போய்க்கொண்டிருந்தன. கொடியில் காயப்போட்ட துணி அப்படியே ஆடியது.

கோயில் மதில் ஓரம் வந்து நின்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு லூர்து அக்கா, தெருவில் எந்தக் காரியத்திலும் முதல் வார்த்தை பேசுவதற்கென்றே பிறந்தவள், கேட்டாள்: "பூட்டு உடையலையே?"

பூட்டு உடையவில்லை. அப்புறம் என்ன, ஏணி தேடப் போனார்கள்.

"வேண்டாங்க" என்று சொன்னவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். அவள் பெயர் எமல்டா. டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, இரண்டு வருஷத்துக்கு முன் இந்தத் தெருவின் கடைசிக்கு முந்தின வீட்டுக்கு மருமகளாக வந்தவள். இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை ஆன்சி.

"வேண்டாங்க. கீழ ஒண்ணுமே இல்லீங்க."

"கீழ என்னத்துக்கு? நாம மேலதானே இருக்கப்போறோம்" என்றான் அவள் புருஷன் இருதயராஜ். பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். ஒன்று இருந்தால் அதே மாதிரி இன்னொன்று வரும் என்பதற்கு மேல் உலகத்தைப் பற்றி அவனுக்கு அபிப்பிராயம் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் எமல்டாவுக்குப் பூகோளம் எடுத்தவர் சிஸ்டர் குளோத்தில்தா. ஆற்றின் தொழில்கள் மூன்று: அரித்தல், கடத்தல், படியவைத்தல். இதைப் பிள்ளைகள் ஜெபமாலை சொல்கிற ராகத்தில் சொல்ல வேண்டும். அரித்தல், கடத்தல், படியவைத்தல். நன்றாகச் சொன்னதற்காக எமல்டாவுக்கு ஓரத்தில் ஜரிகை வைத்த சுவாமி படம் ஒன்று பரிசாகக் கிடைத்தது. ஆறு அரித்த வீட்டுக்குள் கைக்குழந்தையோடு ஏணி வைத்து ஏற வேண்டி வந்தால் என்ன செய்வது என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

ஆகவே ஏறினாள்.

மூன்றாம் நாள் ஆற்றுத் துறையிலிருந்து என்ஜினியர் வந்தார். வீடுகளுக்கு அடியில் பரிசலில் போய், டார்ச் அடித்து, எல்லாவற்றையும் பார்த்து, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். பத்து நிமிஷ வேலை. "அஸ்திவாரம் பார்வைக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அஸ்திவாரத்தில் விரிசல் எதுவும் காணப்படவில்லை." அதை இருதயராஜ் பதினோரு பிரதி ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தான். எல்லாரும் அதைக் கதவுக்கு மேலே, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், ஒட்டி வைத்தார்கள். ஆபத்து இல்லை என்று எழுத்தில் இருக்கும்போது பயப்படுகிறவள் படித்த முட்டாளாகத்தான் இருக்க வேண்டும்.

வீடுகள் ஏன் நிற்கின்றன என்பதற்குத் தெருவில் வாய்க்கு ஒரு காரணம் இருந்தது. மெடல் போனாலும் மெடலின் பலன் போகவில்லை என்றார்கள் சிலர். அறுபது வருஷமாக நின்ற பழக்கம் என்றார்கள் சிலர். கடைசியில் எல்லாரும் ஏற்றுக்கொண்டது எமல்டாவின் மாமனார் சவரிமுத்து சொன்ன காரணத்தைத்தான், ஏனென்றால் அவர் ஆற்றுத் துறையில் முப்பது வருஷம் மதகும் கரையும் பார்க்கிற லஸ்கராக இருந்தவர், ஆற்றைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டு, வீட்டுக்குக் கேட்காதபடி கையால் வாயை மறைத்து, அவர் சொன்னார்:

"வீட்டுக்கு இன்னும் விஷயம் தெரியாது. தெரிஞ்சாத்தானே."

அன்றிலிருந்து சம்மனசு தெருவில் ஒரு ஒழுங்கு வந்தது. வீட்டுக்குள் இருக்கும்போது சில வார்த்தைகளைச் சொல்லக் கூடாது. பள்ளம் கூடாது. அடி கூடாது. விழுவது எக்காரணம் கொண்டும் கூடாது. கையிலிருந்து தட்டு நழுவினால் "தட்டு இறங்கிடுச்சு" என்பார்கள். கடைசி வீட்டு ஞானப்பிரகாசம் போதையில் ஏணியின் மேல்படியிலிருந்து தலைகுப்புறப் போய் இரண்டு பல்லை விட்டபோது, "இன்னிக்குக் கொஞ்சம் வேகமா இறங்கிட்டாரு" என்று அவர் பெண்டாட்டி உள்ளே நின்றபடி எல்லாருக்கும் சொன்னாள். தவக்காலம் வந்து வீட்டுக்கு வீடு சிலுவைப்பாதை சொன்னபோது மூன்றாம் ஸ்தலத்தில் ஒரு சிக்கல் வந்தது, ஏனென்றால் அங்கே ஆண்டவர் முதல்முறை கீழே விழுகிறார், ஏழிலும் ஒன்பதிலும் மறுபடி விழுகிறார். பங்குச்சாமி இரண்டு நாள் யோசித்தார். பிறகு சம்மனசு தெருவில் மட்டும், ஆண்டவர் மூன்று தடவையும் "சற்று அமர்கிறார்" என்று சொல்லிக்கொள்ள அனுமதி கொடுத்தார்.

மற்றபடி வாழ்க்கை அதன் பாட்டுக்கு நடந்தது. பால் செம்பு கயிற்றில் ஏறியது, குப்பை கயிறில்லாமலே இறங்கியது. முன்பக்கத்து ஆழமில்லாத தண்ணீரில் வீட்டு நிழல் விழுந்த இடத்துக்கெல்லாம் ஊர்க்காரர்கள் எருமைகளை ஓட்டிவந்து நிறுத்தினார்கள்; அந்த நிழல் வீட்டுக்காரருக்குச் சொந்தமா புறம்போக்கா என்று பஞ்சாயத்து மூன்று முறை கூடிக் கலைந்தது. வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு, போட்டோவில் பார்த்தபோது இன்னும் உயரமாகத் தெரிந்ததே என்று குறைப்பட்டுக்கொண்டு பஜ்ஜி சாப்பிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏணியில் ஏறி வந்து பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஏற முடியாமல் கீழே கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, பெண் மேலேயிருந்து எட்டிப் பார்த்து வணக்கம் வைத்தாள். சம்பந்தம் முடிந்தது.

எமல்டாதான் இருந்தாள், எதற்கும் பழகாமல். குழந்தையின் இடுப்பில் பழைய புடவைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் கட்டி, அப்புறம் கட்டிலும் சேர்ந்துதானே போகும் என்று தோன்றிக் கட்டிலிலிருந்து அவிழ்த்துத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டாள். சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஒரு காலைத் தரையில் மெல்லத் தட்டித் தட்டிப் பார்ப்பாள். காலி டிரம்மைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். ஆன்சி தூங்கும்போது அவளுக்கும் தரைக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொள்வாள், ஒரு கை அங்கே என்ன செய்துவிடும் என்று தெரியாமலே.

"கான்வென்ட்டுல பயப்படுறதுக்குத் தனியா கிளாஸ் எடுத்தாங்களாடி?" என்று பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து லூர்து அக்கா கேட்பாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். "நான் நாலு பெத்தவ. எதையாச்சும் கட்டிப்போட்டேனா?"

"உங்க பிள்ளைங்க மண்ணு மேல தவழ்ந்துச்சுங்கக்கா."

"ஷ்ஷ்." லூர்து அக்கா சுவரைத் தடவிக்கொடுத்தாள், விக்கல் எடுத்த குழந்தையைத் தட்டுகிற மாதிரி. "எங்க வீட்டுக் காதுல இதையெல்லாம் போடாத."

அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அவள் கேட்டபோது இருதயராஜ் நியாயமாகத்தான் பேசினான். "நீ பாட்டுக்குப் பிள்ளைய தூக்கிட்டுப் போயிடுவ. ஏன் போறா, என்ன விஷயம்னு வீடு யோசிக்காதா? இது தெரிஞ்சு பக்கத்து வீட்டுக்குச் சொன்னா? பதினோரு குடும்பம், எமல்டா." பதினோரு குடும்பத்தைத் தாங்குகிற வேலை அப்படித்தான் அவள் தலையில் வந்தது. அஸ்திவாரம் செய்த வேலையை இனி மருமகள் செய்ய வேண்டும்.

ஆன்சி அதற்குள் வளர்ந்து, எட்டு ஒன்பது மாதத்துக் குழந்தைகளுக்கு வருகிற அந்த வியாதி அவளுக்கும் வந்தது: கையில் கிடைத்ததைக் கீழே எறிவது. கொல்லைக் கதவில் குறுக்கே கட்டிய பலகைக்கு மேலாகக் கையை நீட்டி, கரண்டியை விடுவாள், கிலுகிலுப்பையை விடுவாள், விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருப்பாள். கீழே 'ப்ளக்' என்று கேட்டதும் சிரிப்பாள். ஒவ்வொரு தடவையும் எமல்டா தன்னையறியாமல் எண்ணினாள். கார்த்திகையில், ஒன்று சொல்வதற்குள் சத்தம் வந்தது. மார்கழியில், தண்ணீர் வற்றியதைக் கழித்துப் பார்த்தாலும்கூட, ஒன்று சொல்லி மூச்சு விட வேண்டியிருந்தது. தை பிறந்தபோது இரண்டு. ஆறு இன்னும் தோண்டிக்கொண்டிருந்தது. என்ஜினியர் ஒரு தடவை டார்ச் அடித்துவிட்டுப் போன ஆழத்தை அவள் மகள் தினமும் பத்துத் தடவை அளந்து சொன்னாள், அதற்காகச் சம்பளமோ சைக்கிள் படியோ கேட்கவில்லை.

மாசியில் ஆறு மனசு மாறியது.

அரித்ததும் கடத்தியதும் போதும் என்று நினைத்ததோ என்னவோ, மேலே எவர் எவர் கொல்லையிலிருந்தோ கொண்டுவந்த மணலை வீடுகளின் அடியில் படியவைக்கத் தொடங்கியது. தண்ணீர் இறங்க இறங்க மணல் ஏறியது. எருமைகள் எழுந்து போயின. ஏணியில் முதல் படி புதைந்தது, மூன்றாம் படி புதைந்தது, கடைசியில் ஒரு காலை காபி குடிக்கிற நேரத்தில் பார்த்தால், வாசலுக்கு ஒரு சாண் கீழே வரை, வெள்ளை வெளேர் என்று, கோலம் போடக் கூப்பிடுகிற மாதிரி, மணல். தெருவே திரும்பி வந்துவிட்டது. பெண்கள் குனிந்து மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்; மிதித்தால் அழுக்காகும் என்று மதில்வரை பலகை போட்டு நடந்தார்கள். ஞானப்பிரகாசம் அந்தச் சந்தோஷத்துக்கும் குடித்தார்.

என்ஜினியர் வந்து வாசலுக்கும் மணலுக்கும் நடுவில் ஸ்கேலை வைத்தார். "பழைய நிலை திரும்பியது" என்று எழுதினார். ஒரு சாண் இடைவெளியில் கருங்கல் திணித்துச் சிமெண்டு பூசி, வீடுகளை முறைப்படி தரையோடு சேர்க்க ஒரு விழா என்று முடிவாயிற்று. கல் வைத்த பிறகு குடும்பம் முழுவதும் உள்ளே நிற்க வேண்டும். பங்குச்சாமி மணி அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் தரையை மிதிக்க வேண்டும், வீடு உட்கார்ந்துவிடும். பங்குனி பதினெட்டு நல்ல நாளாக வந்தது. அது ஆன்சியின் முதல் பிறந்த நாள்.

"ரெண்டையும் சேர்த்து ஒரே கேக்காப் போயிடும்" என்றான் இருதயராஜ்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு ஆன்சி வழக்கம்போலக் கொல்லைக் கதவில் நின்று தன் தாத்தாவின் பித்தளை டம்ளரை விட்டாள். தலையைச் சாய்த்தாள். எமல்டா எண்ண வேண்டிய அவசியமே இல்லை, டம்ளர் ஒரு சாண் கீழே மணலில் நேராக உட்கார்ந்து பளபளத்தது. அவளும் ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டம்ளர் அவசரமே இல்லாமல், நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போகிற ஆள் மாதிரி, கழுத்துவரை புதைந்து, வாய்வரை புதைந்து, இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில் ஒரு குமிழி வந்து உடைந்தது. சத்தம் வரவில்லை. சத்தத்துக்காகக் காத்திருந்த குழந்தை, அது வராததால், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதது.

எமல்டா மாமனாரை வெளியே கூப்பிட்டாள். வீட்டுக்குக் கேட்காத தூரம், கோயில் மதில்வரை, கூட்டிப் போனாள்.

"மாமா, நீங்க லஸ்கரா இருக்கையில பாலத்துத் தூணுக்கு அடியில மண்ணு இருக்கான்னு கம்பி விட்டுப் பாப்பீங்கன்னு சொல்வீங்கல்ல?"

"பாத்திருக்கேன். முப்பது வருஷம். ஒரு இஞ்சு மாறினதில்ல." இதைச் சொல்லும்போது அவர் எப்போதும் தோள் துண்டைச் சரிசெய்துகொள்வார்.

"எந்த மாசத்துல விடுவீங்க?"

"சித்திரையில. அப்பத்தானே கால் நனையாமப் போகலாம்."

"வெள்ளத்தப்ப?"

"வெள்ளத்தப்ப எவன் போவான்?"

எமல்டா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆறு தோண்டுறது வெள்ளத்துல மாமா. வெள்ளம் வடியிறப்ப அந்தக் குழிய அதுவே பொலபொலன்னு மண்ணைத் தூவி மூடிட்டுப் போயிடும். நீங்க சித்திரையில போய் மூடியைப் பாத்திருக்கீங்க."

சவரிமுத்து வீட்டுக்குப் போய், ஆணியில் மாட்டியிருந்த அளவுக் கம்பியை எடுத்துவந்தார். பன்னிரண்டு அடிக் கம்பி, அடிக்கு ஒரு சிவப்புக் கோடு. வாசல் மணலில் நிறுத்தி, மேல்முனையில் உள்ளங்கையை வைத்தார். அவர் அழுத்தவே இல்லை. சிவப்புக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின, கடைசிக் கோடும் போயிற்று, கம்பியும் போயிற்று. அவர் குனிந்தபடியே, கையில் ஒன்றும் இல்லாமல், கொஞ்ச நேரம் நின்றார்.

"கம்பி பழசு" என்றார். பிறகு துண்டைச் சரிசெய்யாமல் உள்ளே போனார். அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டதற்கும் அவர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் எமல்டா எழுந்து சொன்னாள். அது மண் இல்லை, மூடி. இத்தனை நாள் வீடுகள் எதையும் நம்பாமல் நின்றதால்தான் நின்றன. கீழே தரை இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்தால் போய்விடும். பேசும்போது அவள் குரல் நடுங்கியது, நடுங்குகிற குரலுக்குக் கூட்டங்களில் என்ன மரியாதை என்பது தெரிந்ததுதான்.

"ஆகாயத்துல இருந்தப்ப பள்ளம்னு பயந்த. இப்ப தரை வந்தா தரையில பயம். உனக்கு என்னதான்டி வேணும்?" என்றாள் லூர்து அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். சவரிமுத்து கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முப்பது வருஷத்தை ஒரு வார்த்தையில் கவிழ்ப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை.

பங்குனி பதினெட்டு வந்தது. காலையிலேயே கொத்தனார்கள் பலகை மேல் நின்று, வீட்டின் அடியோடு கல்லைத் திணித்துப் பூசி முடித்தார்கள். என்ஜினியர் நிழலுக்காகக் கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டார். பழைய நிலை திரும்பியது என்று எழுதிக் கொடுத்தவர் அந்தத் தரையில் வந்து நிற்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. இருதயராஜ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கேக்கில் ஒற்றை மெழுகுவர்த்தியைக் குத்தி வைத்துக் காத்திருந்தான்.

"பிள்ளைய வெளியில வெச்சுக்கிட்டு நிக்கிறேனே, மணி அடிச்சதும் வந்துடுறேன்" என்றாள் எமல்டா.

"குடும்பம் முழுசும் உள்ள நிக்கணும்னு சாமி சொல்லியிருக்காரு. நீ ஒருத்தி வெளிய நின்னா தெருவே நம்மளப் பாக்கும்."

எமல்டா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கொல்லைக் கதவுப் பக்கம் போனாள். முதலில் லூர்து அக்காவின் ஜன்னலைப் பார்த்து, "அக்கா, ஒரே ஒரு வார்த்த" என்றாள். லூர்து அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், என்ன வார்த்தை என்று தெரிந்துகொண்டாள், ஜன்னலைச் சாத்தினாள்.

அதன் பிறகு எமல்டா நிலைப்படிக்குப் பக்கத்துச் சுவரில், பாவசங்கீர்த்தனத் தொட்டியின் ஜன்னலில் வாயை வைக்கிற மாதிரி, வாயை வைத்து, ஐந்து மாதமாக அந்தத் தெருவில் யாரும் சொல்லாததைச் சொன்னாள்.

"உனக்கு அடியில ஒண்ணும் இல்ல. ஐப்பசியிலேருந்தே இல்ல. எல்லாருக்கும் தெரியும், உனக்குத்தான் யாரும் சொல்லல. நீ விழுந்துடுவேன்னு பயந்துட்டுச் சொல்லல. நானும்தான் சொல்லல. இப்ப கீழ ஒண்ணு தெரியுது பாரு, அது மண்ணு இல்ல, ஆறு போட்டு வெச்ச மூடி. மணி அடிச்சதும் உன்னை உட்காரச் சொல்லுவாங்க. உட்காராத. நீ இத்தன நாளும் எது மேலயும் இல்லாமத்தான் நின்ன, நல்லாத்தான் நின்ன. என் பிள்ள உள்ள இருக்கு."

சுவரிலிருந்து ஒரு பிடி சுண்ணாம்பு உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. உத்தரத்தில் ஏதோ முறுகுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாள் தங்களிடம் மறைத்த சேதியை முதல்தடவை கேட்கிறவர்கள் மூச்சை உள்ளே இழுப்பார்களே, அப்படி வீடு ஒருதரம் இழுத்தது. கதவுகள் எல்லாம் உள்பக்கமாக அசைந்தன. எமல்டா குழந்தையின் தலையைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். அவ்வளவுதான் என்று நினைத்தாள். சொன்னால் விழும் என்று பதினோரு குடும்பமும் சொன்னது நிஜமாக இருந்தால், தன் பிள்ளையைத் தானே கொன்றவள் அவள்.

வீடு விழவில்லை. யோசித்தது.

மணி அடித்தது. பதினோரு வீட்டிலும் மிதித்தார்கள்.

பத்து வீடுகள், ஐந்து மாதம் நின்று கால் கடுத்துப்போனவை, தரை வந்துவிட்டது என்ற சொல்லை நம்பி, முழுப் பாரத்தையும் இறக்கி, அப்பாடா என்று உட்கார்ந்தன. எருமை குளத்தில் படுக்கிற மாதிரி, அத்தனை நிம்மதியாக உள்ளே போயின. வாசற்படி போயிற்று, ஜன்னல் போயிற்று, சன்ஷேடு வந்தபோது ஒரு ஏப்பம் மாதிரிச் சத்தத்தோடு நின்றன. உள்ளே இருந்தவர்கள் இடுப்பளவு மணலில் நீந்தி, மச்சுப்படி ஏறி, மொட்டை மாடிகளில் புதுத் துணியோடு முளைத்தார்கள். உயிர்ச் சேதம் இல்லை, ஆடு கோழிகூடப் போகவில்லை. ஆகவே இதை விபத்து என்று எழுத வழியில்லை என்று பிற்பாடு என்ஜினியர் விளக்கினார்.

கடைசிக்கு முந்தின வீடு மட்டும், மிதித்த கணத்தில், சேற்றைக் கண்டதும் புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொள்கிற பெண் மாதிரி, இரண்டு அடி மேலே ஏறிக்கொண்டது. அடியில் திணித்த கல்லெல்லாம் மணலில் விழுந்து மறைந்தது. பொதுச் சுவர் துணி கிழிகிற நேரான கோட்டில் பிரிந்தது. கேக் சாயவில்லை. ஊதுவதற்கு வாயைக் குவித்திருந்த இருதயராஜ் அப்படியே நின்றான்.

கொல்லைக் கதவுக்குக் கீழே, தன் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, லூர்து அக்கா கையை நீட்டினாள். எமல்டா ஒரு கையால் அவளைப் பிடித்து மேலே இழுத்தாள்.

"வீட்டுக்கிட்டச் சொல்லிட்டியாடி?"

"சொல்லிட்டேன்க்கா."

லூர்து அக்கா தலைமுடியிலிருந்து மணலைத் தட்டினாள். "எங்க வீட்டுக்கும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

காலையில் ஜன்னலைச் சாத்தியது யார் என்று எமல்டா கேட்கவில்லை. கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்ததில் பொறுமையும் உண்டு.

சாயங்காலத்துக்குள் என்ஜினியரின் அறிக்கை வந்தது. திட்டமிட்டபடி பத்து வீடுகள் தரையோடு சேர்க்கப்பட்டன. எதிர்பார்த்ததைவிட முழுமையாகவே சேர்ந்துள்ளன. ஒரு வீடு மட்டும் ஒத்துழைக்கவில்லை. அனுமதியின்றி ஆகாயத்தில் இருப்பதற்காகவும், இருந்த உயரத்தைவிட இரண்டு அடி கூடுதலாக ஆக்கிரமித்ததற்காகவும், பதினைந்து நாளுக்குள் இறங்கும்படி அதற்கு ஒரு நோட்டீஸ். மணலில் இறங்கி வீடுவரை போய் ஒட்ட ஆள் இல்லாததால், மதிலில் சாத்தியிருந்த ஏணியில் கட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த நேரத்தில் உள்ளே கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள், பத்து வீட்டு ஜனமும், ஆளுக்கு ஒரு துண்டு கேக்கோடு. அவர்கள் நடுவில் ஆன்சி தாத்தாவின் விரலை விட்டுவிட்டு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், அம்மாவைப் பார்த்து ஒரு அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். மூன்றாவதில் தொப்பென்று போனாள்.

நாற்பது பேரும் குழந்தையைப் பார்க்கவில்லை, சுவர்களைப் பார்த்தார்கள். இருதயராஜ், "உட்கார்ந்துட்டா, பாப்பா உட்கார்ந்துட்டா" என்று சொல்ல வாயெடுத்தான்.

"விழுந்துட்டா" என்றார் சவரிமுத்து. சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. "பிள்ள கீழ விழுந்துட்டா. எழுந்திருப்பா."

வீடு அசையவில்லை. ஆன்சி எழுந்தாள், இடுப்பில் கட்டிய புடவைக் கிழிசல் எமல்டாவின் இடுப்பை மெல்ல இழுக்க, கொல்லைக் கதவுவரை சுவரைப் பிடித்துத் தத்திப்போய், பலகையைப் பிடித்து நின்று, கேக் கரண்டியை வெளியே விட்டாள். தலையைச் சாய்த்தாள். எமல்டா எண்ணத் தொடங்கினாள். பக்கத்தில் லூர்து அக்காவின் உதடும் அசைந்தது, அப்புறம் ஞானப்பிரகாசத்தின் உதடு, அப்புறம் கூடத்தில் எல்லாரும். ஒன்று. இரண்டு. மூன்று.

சத்தம் வரவில்லை.

"கீழ இன்னும் மண்ணு இறுகல" என்றார் சவரிமுத்து, வீட்டுக்குக் கேட்கும்படியாகவே.